பஸ்ஸில் எல்லாரிடமும் கேட்டேன்

செப்டம்பர் 1, திங்கள்

மகள் ரேவதிக்கு இரண்டு லிஸ்டிலும் பெயர் வந்துவிட்டது. பி.எஸ்ஸி. நர்சிங்கிலும் இருக்கிறது, டிப்ளமோ நர்சிங்கிலும் இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்திருந்தால் சாமி கும்பிட்டுவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். இரண்டிலும் வந்ததுதான் தொல்லை.

பிரவுசிங் சென்டர் மைதீன் பாய் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். இவள் ரேங்குக்கு டிகிரி என்றால் செங்கல்பட்டில்தான் கிடைக்கும், நாலு வருஷம். டிப்ளமோ என்றால் மூன்று வருஷம், நம் திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடைத்துவிடும். டிகிரி வேண்டும் என்றால் பதினேழாம் தேதி சாயங்காலத்துக்குள் எந்தக் காலேஜ் என்று பதிந்து லாக் செய்ய வேண்டுமாம். வேண்டாம் என்றால் சும்மா இருந்துவிட்டு அடுத்த மாசம் டிப்ளமோவுக்குப் பதியலாம்.

என் பஸ் சேர்மாதேவியில் கிளம்பி ஐகிரவுண்டு போய்த்தான் திரும்புகிறது. காலையில் என் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடலாம். சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வரலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் கிடையாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரி சண்முகக்கனி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "அவட்ட கேளுங்க" என்றாள். ரேவதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குப் பதினெட்டு வயசு, அதற்கு என்ன தெரியும். "நாலு பேர்ட்ட விசாரிச்சுச் செய்வோம்" என்று சொல்லிவிட்டேன்.

விசாரிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்துநாலு வருஷக் கண்டக்டர். ஐகிரவுண்டு பஸ்ஸில் நர்ஸ்களுக்கா பஞ்சம்?

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று முதல் டிரிப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கும்போதே, "ஏம்மா, நீ டிகிரியா டிப்ளமோவா?" ஒரு பிள்ளை பயந்துபோய் ஐடி கார்டை எடுத்துக் காட்டிவிட்டது.

கிளோரி சிஸ்டர் பெரிய ஆள், குழந்தைகள் வார்டில் இருக்கிறார். "நான் டிப்ளமோதான் அண்ணாச்சி. இப்பம் வார பிள்ளைய டிகிரியோட வருது. வார்டுல ரெண்டு பேரும் ஒரே பெட்பேனைத்தான் எடுக்கோம்" என்றார். பிறகு, "மேல படிக்கணும், ஒரு பதவிக்குப் போகணும்னா டிகிரிதான் நல்லது" என்றும் சொன்னார். முதலில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், "டிப்ளமோ படிச்சா பெறவு டிகிரிக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும் அங்கிள். நேரா டிகிரிக்கே போயிரச் சொல்லுங்க. வெளிநாட்டுக்கும் சுளுவு" என்றது. வெளிநாட்டுக்கு யார் அனுப்பப் போகிறார்கள்?

பேட்டையில் ஏறுகிற மீன்கார அந்தோணியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, ரெண்டுல எதப் படிச்சா ஊசி வலிக்காம போடுவாவளோ அதப் படிக்கச் சொல்லும்" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

மொத்தத்தில் டிப்ளமோ பக்கம்தான் ஆள் அதிகம். டிகிரி என்று சொன்னதில் இரண்டு பேர் வேலைக்கு வந்தே ஆறு மாசம்தான் ஆகிறது. அவர்களைச் சேர்க்கவில்லை.

ஜங்ஷனில் டீ குடிக்கும்போது டிரைவர் செல்வின் கேட்டான்: "வே பலவேசம், டிகிரி, டிப்ளமோவெல்லாம் கெடக்கட்டும். பிள்ள செங்கல்பட்டு போயிட்டா மதினிய யாரு பாப்பா? அதச் சொல்லும் முதல்ல."

"பஸ்ஸ எடும், நேரமாச்சு" என்றேன்.

சண்முகக்கனிக்கு அது ஏழு வருஷமாக இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போதே விழுவாள், கை கால் இழுக்கும், பிறகு சரியாகிவிடும். மாத்திரை சாப்பிடுகிறாள். மாசத்துக்கு ஒன்று வரும், சில மாசம் இரண்டு. ரேவதி ஆறாம் வகுப்பிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். கெட்டிக்காரி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்னொரு கண்டக்டர் சங்கரபாண்டி லீவு கேட்டான், அவன் டூட்டியையும் சேர்த்துப் பார்த்தேன். டெப்போவிலேயே படுக்கை. கொசு.

செப்டம்பர் 6, சனி

காலையில் தோசை வைத்துக்கொண்டே ரேவதி சொன்னாள்: "அப்பா, டிப்ளமோவே போதும்ப்பா."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. "நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். "ஆமாப்பா, சீக்கிரம் முடிஞ்சிரும். சீக்கிரம் வேலைக்குப் போயிரலாம்." பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும். இன்னும் இரண்டு தோசை போட்டுச் சாப்பிட்டேன்.

அவள் குளிக்கப் போன பிறகு சண்முகக்கனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவ ஏன் அப்படிச் சொல்லுதான்னு கேட்டியளா?"

"அதான் சொன்னாள்லா, சீக்கிரம் முடியும்னு."

"நீங்க கேட்டியளான்னு கேட்டேன்."

இவளுக்கு எதையும் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள் என்று சொன்னதால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வார ஓய்வு. சாளை மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படிக்க டீக்கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. சண்முகக்கனி பாத்திரம் விளக்கும்போது புறவாசலில் விழுந்திருக்கிறாள். நெற்றியில் புடைத்திருந்தது. ரேவதி அவளை உள்ளே கொண்டுவந்து பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் துடைத்தாகிவிட்டது.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா" என்றேன்.

"போட்டேன்ப்பா. ரெண்டு தடவ."

டீக்கடையில் டிவி சத்தம். மணி அடித்தது கேட்கவில்லை. புறவாசல் குழாயில் தண்ணீர் ஒழுகி வழுக்குகிறது, அதனால்தான் விழுந்திருப்பாள். கடைக்குப் போய் வாசர் வாங்கிவந்து மாற்றினேன். இனி ஒழுகாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாயங்கால டிரிப். ஐகிரவுண்டிலிருந்து சேர்மாதேவி திரும்பும் பஸ், நிற்க இடமில்லை. பேட்டை தாண்டியதும் நடுவில் ஒரே சத்தம். கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு மனுஷன், என் வயசு இருக்கும், அப்படியே சாய்ந்துவிட்டார். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை. செல்வின் ஓரமாக நிறுத்திவிட்டான். "வலிப்பு, வலிப்பு, இரும்பக் குடுங்க, கைல சாவியக் குடுங்க" என்று ஆளுக்கு ஆள் சத்தம். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. எடுத்தேன். அது கையில் நிற்காமல் கீழே விழுந்துவிட்டது.

அதற்குள் இரண்டு பிள்ளைகள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தன. தோளில் பை, தலையில் வாடிய பிச்சிப்பூ. "இரும்பெல்லாம் வேண்டாம்ணே. கையப் பிடிக்காதீங்க, விட்டுருங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி துப்பட்டாவை மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்தாள். இரண்டு பேருமாக அவரை ஒருக்களித்துத் திருப்பினார்கள். "தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும். வாய்ல தண்ணி ஊத்தாதீங்க." அவ்வளவுதான். பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் 108-க்குப் போன் செய்ய இறங்கினேன். உள்ளே சத்தத்தில் பேச முடியாது, அதனால்தான் இறங்கினேன். பேசி முடித்த பிறகும் கீழேதான் நின்றேன். டிக்கெட் மிஷினில் பேப்பர் ரோல் மாற்ற வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த மனுஷன் கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "டிக்கெட் எடுத்துட்டேன்லா?" என்று கேட்டாராம்.

பஸ் கிளம்பியதும் அந்தப் பிள்ளைகளிடம் போனேன். ஒருத்தி பெயர் ஜெபா, மற்றவள் முத்தழகி. வீரவநல்லூர். ஒருத்தி ஐகிரவுண்டிலேயே டிப்ளமோ, இன்னொருத்தி தனியார் காலேஜில் டிகிரி. யார் எது என்று அவர்களே சொன்னால்தான் தெரியும். இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இரண்டும் ஒன்றுதான் என்று.

"தெனமும் வீட்டுல இருந்தா வாரிய? பஸ்ல பாத்ததே இல்லியே" என்றேன்.

"ஹாஸ்டல் அண்ணாச்சி. லீவுக்கு ஊருக்குப் போறோம்."

"சரி, தனியார் காலேஜ் ஹாஸ்டலு. ஐகிரவுண்டு டிப்ளமோ பிள்ளைய வீட்டுல இருந்து வரலாம்லா?"

முத்தழகி சிரித்தாள். "எங்க விடுவாங்க? எல்லாரும் ஹாஸ்டல்தான். நைட் டூட்டியெல்லாம் உண்டுல்லா. மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு விட்டாலே பெருசு."

இத்தனை வருஷமாக ஏற்றி இறக்கிய நர்ஸ்களெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். படிக்கிற பிள்ளைகள் என் பஸ்ஸில் ஏறுவதே இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாரமாக ஊரையெல்லாம் கேட்டேன். இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

வீட்டில் சொல்லவில்லை. ரேவதி தினமும் வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் டிப்ளமோ போதும் என்று சொல்லியிருக்கிறாள். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. கலெக்‌ஷனில் முப்பத்திரண்டு ரூபாய் குறைந்தது, கையிலிருந்து போட்டேன். புத்தி ஒரு இடத்தில் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இங்கே பக்கத்திலேயே ஆர்ட்ஸ் காலேஜ் இருக்கிறது. பி.காம்.மில் இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது என்று அங்கே வாட்ச்மேனாக இருக்கிற சுடலை சொன்னான். சாப்பிடும்போது மெதுவாக எடுத்துவிட்டேன். "ஏட்டி ரேவதி, நர்சிங்கே எதுக்கு? ராத்திரி பகல்னு பாக்காம நிக்கணும். பி.காம். படிச்சா பேங்க்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேல பாக்கலாம். வீட்டுலருந்தே நடந்து போயிட்டு வரலாம்."

ரேவதி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

சண்முகக்கனி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "நல்லா இருக்கு" என்றாள். "பிள்ள எட்டாங்கிளாஸ்லருந்து நர்சிங், நர்சிங்குங்கா. அதக் கெடுத்து எனக்குக் காவலுக்குப் போடுதிய."

"நான் உன்னச் சொல்லலியே."

"என்னச் சொல்லாம யாரச் சொல்லுதிய? எனக்கு வலிப்பு. ஊருக்கே தெரியும். நீங்க மட்டும் அது, இதுன்னு சொல்லிக்கிட்டு அலையுதிய." நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டாள். "ஏழு வருஷத்துல ஒருதரம், ஒரே ஒருதரம், நான் விழுந்தப்பம் நீங்க பக்கத்துல இருந்திருக்கியளா?"

"டூட்டிக்குப் போகாம வீட்டுல உக்காந்தா யாரு சோறு போடுவா?" என்றேன்.

"ஞாயித்துக்கெழமயும் டூட்டியா?" என்றாள்.

செப்டம்பர் 13, சனி

ரேவதி இரண்டு நேரமாக என்னோடு பேசவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இனிமேலும் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"ஐகிரவுண்டுலயும் ஹாஸ்டல்தானாம்மா. தெனமும் வீட்டுக்கு வர முடியாதாம்."

"தெரியும்ப்பா."

"தெரியுமா? எப்பம் தெரியும்?"

"அப்ளிகேஷன் போடும்போதே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பெறவு எதுக்கு டிப்ளமோ போதும்னு சொன்ன?"

"ஐகிரவுண்டுலன்னா அம்மா விழுந்துட்டான்னு போன் வந்தா ஒரு மணி நேரத்துல வந்துருவேன். செங்கல்பட்டுல இருந்து ஒரு ராத்திரி ஆகும்லா."

"ஏம்மா இதையெல்லாம் எங்கிட்ட சொல்லல?"

என் காக்கிச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "நீங்க எங்க எங்கிட்ட கேட்டிய? பஸ்ல எல்லார்ட்டயும் கேட்டிய. மீன்கார ஆச்சிட்ட கூட கேட்டியளாம், செல்வின் மாமா சொன்னாவ."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

"சரி, இப்பம் கேக்கேன். உனக்கு எது வேணும்?"

உடனே சொன்னாள். அவ்வளவு நாளாக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "டிகிரிப்பா. டிகிரி முடிச்சு எம்.எஸ்ஸி. படிச்சா நர்சிங் காலேஜ்ல டீச்சரா போலாம். எனக்குச் சொல்லிக் குடுக்கப் பிடிக்கும்ப்பா. வகுப்புல கூட மிஸ் என்னத்தான் எழுப்பிவிட்டுப் பாடம் எடுக்கச் சொல்லுவாங்க." இந்தப் பிள்ளை வகுப்பில் பாடம் எடுக்கும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நான் போனா நீங்க அம்மாவப் பாத்துப்பியளாப்பா?"

சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து ஈரத்தோடு மாட்டிக்கொண்டேன். டெப்போவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மத்தியானத்துக்கு மேல்தான் டூட்டி. டெப்போ பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சட்டை முதுகிலேயே காய்ந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இதிலாவது எழுதிவிடுகிறேன். எனக்குப் பயம்.

முதல் தடவை சண்முகக்கனி விழுந்தபோது வீட்டில் இருந்தேன். கண் மேலே சொருகிக்கொண்டது, உதடு நீலமாகிவிட்டது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஆட்டோ பிடிக்க என்று தெருவுக்கு ஓடினேன். ஆட்டோ கிடைத்தும் நான் வீட்டுக்குள் போகவில்லை. பக்கத்து வீட்டு லட்சுமியக்காதான் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு உட்கார்ந்த பயம் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குள் பாத்திரம் கீழே விழுகிற சத்தம் கேட்டாலே செருப்பைத் தேடுகிறேன். டபுள் டூட்டி, லீவுக்காரன் டூட்டி, டீக்கடைப் பேப்பர் எல்லாம் அதற்காகத்தான். பஸ்ஸில் எண்பது பேரை மேய்க்கிறவன் நான்.

பதினோரு வயசுப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளைக்குக் கடைசி நாள். சாப்பிட்டு முடித்ததும் சண்முகக்கனி இரண்டு பேரையும் உட்கார வைத்தாள். "நாளைக்குப் போய் செங்கல்பட்டப் பதிஞ்சிட்டு வா. நான் சொல்லுதேன்" என்றாள்.

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். "பாப்போம்" என்றேன். பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்கிறவர்களிடம் சொல்கிற வார்த்தை.

"நாளைக்கு மத்தியானம் மைதீன் பாய் கடைக்குப் போறேன். அங்க போய் யோசிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு ரேவதி படுக்கப் போனாள். சண்முகக்கனி தூங்கவே இல்லை. புரண்டு புரண்டு படுத்தாள். தூக்கம் கெட்டால் அம்மாவுக்கு வந்துவிடும் என்று ரேவதி எப்போதும் சொல்வாள். தெரிந்தும் அவளைத் தூங்கு என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

இன்று செகண்ட் ஷிஃப்ட். ரேவதி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பினாள். "நான் வார வரைக்கும் அம்மா கூட இருங்கப்பா. நான் வந்த பெறவு டூட்டிக்குப் போங்க." சரி என்றேன். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்து வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். செருப்பு காலில்தான் இருந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. கழற்றவில்லை.

சண்முகக்கனி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலை பொரிகிற சத்தம் கேட்டது. அடுத்து கரண்டி விழுந்தது. அடுத்து அவள் விழுந்தாள்.

எழுந்துவிட்டேன். எழுந்து வாசலுக்குத்தான் போனேன். அதை மாற்றி எழுத முடியாது. "லட்சுமியக்கா" என்று கத்தினேன். அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. போனை எடுத்து ரேவதி பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளைக் கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள். வந்தால் அப்புறம் அந்தக் கடைக்குத் திரும்பிப் போகமாட்டாள். சாயங்காலத்தோடு முடிந்துவிடும். இனி எந்தக் காலத்திலும் போகமாட்டாள்.

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

முதலில் அடுப்பை அணைத்தேன். அரிவாள்மணை அவள் கைக்குப் பக்கத்தில் கிடந்தது, அதைக் காலால் தள்ளினேன். அவளைப் பார்த்தேன். அதே கண், அதே உதடு. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு அடியில் கொடுத்தேன். அந்தப் பிள்ளைகள் செய்ததுபோல ஒருக்களித்துத் திருப்பப் பார்த்தேன். உடம்பு கட்டையாக விறைத்திருந்தது, முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை திரும்பிவிட்டாள். எச்சில் வெளியே வழிந்தது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தோளில் கையை வைத்துக்கொண்டு, "சண்முகக்கனி, நான் இங்கதான் இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கா சொன்னேன், எனக்கா சொன்னேன், தெரியாது. அழுதேன். ஐம்பத்திரண்டு வயசில் அடுப்படியில் பனியனோடு உட்கார்ந்து அழுதேன்.

மெதுவாக இழுப்பு விட்டது. உதட்டில் நிறம் வந்தது. பெரிய பெருமூச்சாக ஒன்று விட்டாள். சேலை நனைந்திருந்தது. வேறு சேலையும் ஈரத்துணியும் கொண்டுவந்து துடைத்துவிட்டேன். இத்தனை தடவையும் இதையெல்லாம் ரேவதி செய்திருக்கிறாள். இப்படிச் செய்ய வேண்டியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அவள் கண்ணைத் திறந்தபோது என்னைத்தான் பார்த்தாள். யார் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ரேவதி எங்க?"

"மைதீன் பாய் கடைக்குப் போயிருக்கா. நான்தான் இருக்கேன்."

"டூட்டிக்குப் போகலியா?"

"போகல."

என் பனியனைப் பார்த்தாள், நனைந்த சட்டையைப் பார்த்தாள். என் கைமேல் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

செல்வினுக்குப் போன் போட்டேன். "இன்னைக்கு வேற கண்டக்டரப் போடச் சொல்லும் வே. வீட்டுக்காரிக்கு வலிப்பு" என்றேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல். "நீரு வீட்டுலயா இருக்கீரு?" என்று கேட்டான். "ஆமா" என்றேன். "இரும், இரும், நான் சொல்லிக்கிடுதேன்" என்றான்.

வைத்த உடனே ரேவதி கூப்பிட்டாள். "அப்பா, எல்லாம் போட்டாச்சு. செங்கல்பட்டுதான் முதல்ல வச்சிருக்கேன். லாக் பண்ணிட்டா மாத்த முடியாதாம். வேண்டாம்னா இப்படியே எழுந்து வந்துருதேன். என்னப்பா செய்ய?"

"லாக் பண்ணு" என்றேன். "அம்மா நல்லா இருக்கா, தூங்குதா."

"இந்நேரத்துக்கு அம்மா தூங்கமாட்டாளே. வந்துச்சாப்பா?" என்றாள்.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "வந்துச்சு."

"லட்சுமியத்த இருக்காவளா? யாரு பாத்தா?"

"யாரும் இல்ல. நான்தான் பாத்தேன்."

இதோ எழுந்து ஓடி வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சுப்பா?"

"மணி பாக்கலம்மா. மறந்துட்டேன்."

"அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அடுத்த தடவ மணியப் பாத்துக்கிடுங்க."

"சரிம்மா. அடுத்த தடவ பாக்கேன்."

மைதீன் பாய் பின்னாலிருந்து, "என்னம்மா, லாக் பண்ணிரவா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"பண்ணுங்க பாய்" என்றாள்.